அரைஞாண் மறைத்த எலும்பு

காரைக்குடியில் முதுகு வலி என்று வந்தவர்களை மதுரைக்குச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சி-ஆர்ம் வந்தது. ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவி. அதைப் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் செலுத்தி, நரம்பை அழுத்தும் சவ்வை எடுத்துவிடலாம்; முதுகைக் கிழிக்க வேண்டாம். இதை இங்கேயே செய்வது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

முதல் ஆள் அரியக்குடி விவசாயி ஒருவர். இடது கால் பெருவிரல் மேலே எழும்பவில்லை. இன்னும் தள்ளிப்போட்டால் ஆயுசுக்கும் காலை இழுத்துத்தான் நடக்க வேண்டும். மரத்துப்போக மட்டும் ஊசி போட்டு, குப்புறப் படுக்கவைத்துத் திரையைப் பார்த்தால், குழாய் நுழைய வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. இடுப்பில் வெள்ளி அரைஞாண்! சதையில் பதிந்து கிடந்தது; நகரவில்லை. முன்பு எடுத்த படத்திலும் அது இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

"வெட்டி எடுங்க" என்றேன் நர்ஸிடம்.

விவசாயி மேசையை விட்டு இறங்கிவிட்டார். "உசிரோட இருக்கவன் இடுப்பை வெறுசா வைக்கச் சொல்றீகளே!" என்று காலை இழுத்துக்கொண்டே வெளியேறினார். போனால் போகட்டும் என்று நானும் கத்தினேன்.

ஆனால் அந்தக் கால் தரையில் உரசிய சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியக்குடிக்குப் போனேன். நெல் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் படத்தைக் காட்டி விளக்கினேன்.

"புதுசைக் கட்டிட்டுப் பழசை அவுத்தா யாரு வேண்டாங்கப் போறா? கறுப்புக் கயிறு படத்துல விழுகுமா?"

"விழாதும்மா."

"பெறகென்ன? நீங்க கேக்கவே இல்லையாமே."

வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, விடுதிகளில் வளர்ந்தவன் நான். எலும்பை எண்ணி எண்ணிப் படித்தவனுக்கு, உயிரோடு இருப்பவன் இடுப்பு ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து, தளர்வாகக் கறுப்புக் கயிறு கட்டி, வெள்ளியைக் கழற்றி, கயிற்றை நெஞ்சுவரை ஏற்றிவிட்டார்கள். திரை பளிச்சென்று இருந்தது. முன்னும் பக்கவாட்டிலும் பார்த்துப் பார்த்துக் குழாயை இறக்கினேன். சவ்வுத் துணுக்கை எடுத்ததும் பெருவிரலைத் தூக்கச் சொன்னேன். லேசாகத் தூக்கினார்.

சில நாள் கழித்து வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி வெள்ளியைத் திரும்பக் கட்டினார். நான் கத்திரிக்கோலை எடுத்தேன்.

"இருங்க டாக்டரய்யா." விவசாயி கொக்கியை இழுத்துப் பார்த்தார். "ம், இப்ப வெட்டுங்க."

கயிற்றை வெட்டினேன். அவர் வராந்தாவில் நடந்து போனார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உரசல் இல்லை.