வாளவரை ஊறிய தண்ணீர்

வாளவரை விதையை இரவு முழுக்க ஊறவைத்தால் வருகிற நாற்றம் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. மேலே சோப்பு நுரைபோல ஒரு படலம் மிதக்கும். கையை விட்டால் கொழகொழவென்று ஒட்டும். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. ஆனால் குமட்டலுக்கு அந்த நாற்றம் மட்டும் காரணமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தேன். மதியம் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும். பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் ருசிபார்த்து, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. வண்டு மிதக்கும் பயற்றை யார் தின்பது? காலையில் வந்ததுமே கையெழுத்தைப் போட்டுவிடுவேன். மதியம் என் டிபன் பாக்ஸைத் திறந்து வீட்டுச் சோற்றைத் தின்பேன்.

ஒரு மாதம் பயறு வரவில்லை. அம்பூரியில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர், கன்றுகளுக்கு இடையில் உரத்துக்காக வளர்த்த வாளவரையின் விதையை ஒரு சாக்கு கொண்டுவந்து இறக்கினார். வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய விதை. ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"சயன்ஸ் டீச்சரில்லியா, பிள்ளைகளுக்குக் குடுக்கலாமான்னு நீங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

அந்த விதையில் நஞ்சு உண்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும் என்று எங்கோ படித்திருந்தேன். சமையல்கார அக்காவிடம், "ஊறின தண்ணியக் களைஞ்சிருங்க. முதல்ல வேகுத தண்ணியையும் களைஞ்சிருங்க. பிறகு புதுத் தண்ணியில நல்லா வேகட்டும்" என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவருக்கு என்ன புரியப்போகிறது என்ற திமிர். மறுநாள் காலை வந்ததும் வழக்கம்போலக் கையெழுத்தைப் போட்டேன்.

பத்து மணிக்கு அடுப்படிக்குப் பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சேலையெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதைத்தான் முதலில் செய்தேன்.

"டீச்சரே, பொறுத்துக்கிடணும். பயறு வெந்த வெள்ளத்தக் களைய மனசு வரேல்ல. சத்தெல்லாம் அதுலயாக்கும் கிடக்கும். கஞ்சிக்கு அரிசிய அதுலதான் போட்டேன். அதுக்கு முன்னே நானும் ரெண்டு கிளாஸ் குடிச்சேன். சார்ட்ட சொல்லாதீங்க, என்னைய நிறுத்திருவாரு."

அவர் வீட்டில் காலையில் ஒன்றும் தின்பதில்லை. பயறு வெந்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிப்பதுதான் அவருடைய காலை ஆகாரம். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் மாற்றி வேகவைத்த விதை தனியே ஒரு சருவச் சட்டியில் சுத்தமாக இருந்தது. நான் ஒழுங்காக ருசிபார்த்திருந்தாலும் அதில் நாலைத் தின்றுவிட்டுச் சரி என்றிருப்பேன். கஞ்சி அப்படியே பிள்ளைகளின் தட்டுக்குப் போயிருக்கும்.

கஞ்சியைக் குழிவெட்டிக் கொட்டினோம். பிள்ளைகள் அன்று பட்டினியாக வீட்டுக்குப் போனார்கள். அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். ஹெட்மாஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நல்லதாப் போச்சு. பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகேல்லல்லா. இனி புதுசா எது வந்தாலும் முதல்ல இவங்க ஒரு கிளாஸ் குடிக்கட்டு. ரெண்டு மணிக்கூர் பாப்போம். ஒண்ணும் ஆகலேன்னா டீச்சர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

சீ என்று வந்தது எனக்கு. அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அது முறையில்லை சார், ருசிபார்க்க வேண்டியவள் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பயற்றுக் கஞ்சியைத் தினமும் நான் குடிக்க வேண்டும்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"குடிக்கேன் சாரே," என்றார். "அப்ப எனக்கு ஜோலி உண்டு, இல்லியா?"