படகுக் கூரையில் குடித்தனம்

"இவ்ளோ பெரிய ஆறு, ரெண்டு பக்கமும் கரை, அந்தாண்ட பாலம். இதுகளுக்கு என் தலைதான் கெடச்சுதா?"

படகுத்துறை அத்தை இதைச் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்ததில்லை. 'இதுகள்' என்பது தகைவிலான் குருவிகள். குளிர் விட்டதும் வந்து, கரைச் சேற்றை அலகில் அள்ளி, அவள் ஓட்டும் மோட்டார் படகின் கூரைக்கடியில் கிண்ணம்போல் கூடு ஒட்டும். வரத் தாமதமானால் அதற்கும் கோபம்: "வழியில எவன் வீட்டுல டேரா போட்டிருக்குங்களோ!" குஞ்சுகள் பறக்கப் பழகியதும் குடும்பத்தோடு மாயமாகிவிடும். "போறப்ப ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

படகு அக்கரைக்குப் போனால் தாயும் தகப்பனும் பின்னாலேயே பறந்து வரும், திரும்பினால் திரும்பும். ஆண் குருவி சற்றுப் பிந்தினால், தண்ணீருக்கு மேல் அத்தையின் குரல் கரை தாண்டிப் போகும்: "மாப்ள! ஊர் சுத்தினது போதும், புள்ளைங்க கத்துதுல்ல?" மாப்பிள்ளை வந்துதான் ஆக வேண்டும். அந்தக் குரலுக்கு அக்கரை நாயே எழுந்து நிற்கும்.

பயணியின் தோளில் எச்சம் விழுந்தால் ஈரத்துணியை நீட்டுவாள். மன்னிப்பு மட்டும் வராது. "தள்ளி உக்காருன்னா கேட்டாத்தானே? மேல ஒரு குடித்தனம் நடக்கறது கண்ணுக்குத் தெரியல?"

படகு அவள் தம்பியுடையது. பாதி இருமலைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு பேசுபவர். ஒருநாள் ஒட்டடைக்கோலோடு படகில் ஏறினார்.

"அக்கா, சட்டை பாழாகுதுன்னு பாதிப் பேர் பாலத்து வழியாப் போறாங்க. இதைத் தட்டிடறேன், க்ஹும், நவுரு."

"நடக்கட்டும். காலுக்கு நல்லது."

"பொழப்பு போயிடும்க்கா!"

கோல் கூரைக்கு உயர்ந்தது. கூட்டின் விளிம்பில் இன்னும் இறகு நிறையாத நாலு தலைகள், இரைதான் வருகிறதென்று வாயைப் பிளந்தன. அத்தை இன்ஜினைச் சடாரென்று கிளப்பினாள். தம்பி பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். கோல் ஆற்றில் மிதந்தது. பயணிகள் சிரித்ததில் அவருக்கு இருமல் முழுசாக வந்துவிட்டது.

"தினம் விடிஞ்சா இதுகளைத் திட்டறது நீதானே? உனக்கு நல்லது பண்ண வந்தா என்னையே தள்ளி விடறியே!"

அத்தை சுக்கானை விடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"திட்டறேன்தான். நீ பொறந்த நாள்லேர்ந்து உன்னையுந்தான் திட்டறேன். அதுக்காக ஒட்டடைக்கோலால தட்டி ஆத்துலயா விட்டுட்டேன்?"