அவள் போட்டதாகச் சொன்ன கோலம்

நான் ஓய்வு பெற்ற மறுமாதமே என் மனைவிக்கு அலுத்துவிட்டது. மின்சார அலுவலகத்தில் கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் என்று வெயிலில் அலைந்தவன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவள் தாளிப்பதையெல்லாம் குறை சொல்ல ஆரம்பித்தேன். கடுகு கருகுது, கருவேப்பிலை ஜாஸ்தி, அந்த மூடியை அங்கே ஏன் வைக்கிறே. ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுலயாச்சும் கையை வைங்க. இல்லாட்டி நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். அவள் அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

பெங்களூரில் இருக்கும் மகன், தான் பழசாக்கிய கேமராவை அனுப்பிவைத்தான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காரைக்குடியில் நடந்தால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்தது. டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள். நாட்டரசன்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பெரிய வீடுகளின் கதவுகளை எடுத்துவந்தேன். அவற்றைப் பார்த்த என் மனைவி, "இந்தக் கதவத்தான் காலண்டர்லயே போட்டுட்டாகளே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

பிறகு காகிதம் மடித்தேன். அவளுடைய முட்டி வலிக்காக ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த காலம் அது. ஃபோனில் வீடியோ பார்த்து, மருந்துச் சீட்டின் கார்பன் காப்பியில் கொக்கு செய்தேன், தவளை செய்தேன். வால் பக்கம் அமுக்கினால் தவளை தாவும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "பேரனுக்கா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அப்போது எனக்குப் பேரனே கிடையாது. அறுபது வயது ஆண்பிள்ளை தனக்காகத் தவளை செய்கிறான் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வகையறா மஞ்சுவிரட்டு வகையறா. என் சித்தப்பா மகன்கள் இன்றைக்கும் காளை வளர்க்கிறார்கள். தங்கள் பிள்ளைகளுக்குப் பாதாம் வாங்குகிறார்களோ இல்லையோ, காளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கிப் போடுவார்கள். எங்களில் ஆண்பிள்ளை என்றால் திமிலைப் பிடித்தவன், இல்லாவிட்டால் பிடித்ததாகச் சொல்லத் தெரிந்தவன். நான் இரண்டாவது ரகம்.

முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வாசலில் கோலம் நின்றது. நின்ற மறுநாளே பால்காரர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீகளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சாவு வீட்டு வாசலில்தான் கோலம் இருக்காது. அடுத்து எதிர்வீட்டு அம்மா வந்து கேட்டார்கள். நான் கடைக்குப் போய் ஒரு ஸ்டிக்கர் கோலம் வாங்கிவந்து ஒட்டினேன். என் மனைவி அதைப் பார்த்த பார்வையில் அது தானாகவே உரிந்து விழுந்திருக்க வேண்டும்.

"செத்த வீடுன்னே நெனச்சுட்டுப் போகட்டும். இத எடுங்க" என்றாள்.

எடுத்தேன். மறுநாள் விடியுமுன்னே வாசல் தெளித்து, நானே குனிந்தேன். முதல் நாள் போட்டது கோலமே இல்லை. யாரோ மாவு மூட்டையைத் தரதரவென்று இழுத்துப்போன தடம். இரண்டு விரலுக்கு நடுவே மாவு விழுவது எனக்கு எளிதில் பிடிபடவில்லை. ஆனால் சிக்குக் கோலத்தைப் பார்த்ததும் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. புள்ளிகள் கம்பங்கள், அவற்றைச் சுற்றிப் போகிற கம்பி கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், எங்காவது விட்டுப்போனால் லைன் கட். முப்பது வருஷம் நான் பார்த்த வேலைதானே இது! காகிதம் மடித்த பழக்கமும் உதவியது. ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டால், மறுபக்கம் மடிப்பை விரித்ததுபோலக் கண்ணுக்குத் தெரியும். மார்கழி வருவதற்குள் யாரும் போடாத கோலங்களை நானே பென்சிலில் வரைந்து, காலையில் வாசலில் இறக்கினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? சம்பள உயர்வு வந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

ஆனால் திருடன் மாதிரிதான் போட்டேன். தெருமுனையில் ஸ்கூட்டர் வெளிச்சம் தெரிந்தால் கிண்ணத்தைப் படிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எழுந்து நின்று மின்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பேன். ரிட்டயர் ஆனாலும் வேலை புத்தி போகவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும். என் மனைவி கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். "வெளிய சொல்லிராத" என்று நான் கெஞ்சியபோது, "இதுல என்ன வெக்கம்? கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டா எடுக்குறீக?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டு அம்மா வந்து, "முட்டி வலியோட எப்படி இம்புட்டுப் பெரிய கோலம் போடுறீக?" என்று கேட்ட நாளில் நான் திண்டாடிப்போனேன். என் மனைவி என்னை ஒரு முறை பார்த்தாள். நான் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன். "ஸ்டூலப் போட்டு ஒக்காந்து, மெள்ள மெள்ளப் போடுறேன்" என்றாள். எனக்காக அவள் சொன்ன முதல் பொய்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கேமராவால் கெட்டேன். மார்கழி நடுவில் ஒருநாள், புது மாதிரியாக ஒரு பெரிய கோலம் அமைந்துவிட்டது. மாடியில் ஏறி நின்று, வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து எடுத்தேன். நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அதுதான். கை சும்மா இருக்கவில்லை. 'இன்று எங்கள் வாசலில்' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

பாராட்டு கொட்டியது. எல்லாம் அவளுக்கு. "மதினி கையில லட்சுமி இருக்கு", "அத்தை சூப்பர்" என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் குளியலறையில்கூட உட்கார்ந்து படித்தேன். அவளோ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. "ஒரு நன்றி போடேன்" என்றேன். "நான் எதுக்குப் போடணும்?" என்றாள்.

தை பிறந்ததும் நெற்குப்பையிலிருந்து என் தங்கை ஃபோன் செய்தாள். அவள் மகளுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் நான் இல்லாமல் தாம்பாளம் நகராது. அதெல்லாம் பேசி முடித்துவிட்டு, "அண்ணே, அந்தக் கோலத்த மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மதினிதான் வந்து எங்க வாசல்ல போடணும்" என்றாள்.

"அவளுக்கு முட்டி ரொம்ப மோசமா இருக்கும்மா" என்றேன்.

"ஒங்க வாசல்ல தெனமும் போடுறப்ப வலிக்காத முட்டி, எங்க வாசலுக்கு வரைல வலிக்குதாக்கும்" என்றாள். ஸ்பீக்கரில் இருந்ததால் என் மனைவிக்கும் கேட்டது.

என் தங்கை கெட்டவள் இல்லை. ஆனால் நாத்தனாருக்கு ஒரு குறை மனதில் விழுந்துவிட்டால், அது பேரன் பேத்தி காலம் வரை சீர் வரிசையோடு சேர்ந்து நடந்துவரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரிடமும் கெட்ட பெயர் வாங்காதவள் என் மனைவி. ஃபோனை வைத்ததும், "ஒங்க தங்கச்சிதான? சொல்லிருங்க. ரெண்டு நாள் சிரிப்பாக, அம்புட்டுத்தான்" என்றாள். சொல்கிறேன் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று பரிச நாள் வரைக்கும் தள்ளினேன். கடைசியில் ஒரு யோசனை சொன்னேன்: கருக்கலிலேயே போய்விடுவோம், ஆள் எழும்புமுன் நானே போட்டுவிடுகிறேன். அவள் முட்டித் தைலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

விசேஷ வீட்டில் யார் தூங்குவார்கள்? நாங்கள் போய் இறங்கியபோதே பந்தல் விளக்கு எரிந்தது. வாசலைப் பார்த்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா மகன்கள், தங்கை வீட்டுக்காரர், அவருடைய பங்காளிகள். வாசல் தெளித்து, ஈரம் இழுத்து, தயாராக இருந்தது. என்னைக் கையைப் பிடித்து நடுநாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் தங்கை கோலமாவுக் கிண்ணத்தை என் மனைவி கையில் கொடுத்து, ஃபோனில் அந்தப் படத்தைத் திறந்து காட்டி, "இதே மாதிரி மதினி. இதேதான் வேணும்" என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

அவள் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு காலை மடக்கினாள். அடுத்த காலை மடக்கும்போது முட்டி சொடுக்கியது எனக்குக் கேட்டது. ஸ்டூல் கேட்கலாமே என்று நினைத்தேன், கேட்கவில்லை. புள்ளி வைத்தாள். புள்ளி வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, வரிசை நூல் பிடித்தது போல வந்தது. கோடு இழுக்கும்போதுதான் கை நின்றது. அது நான் கட்டிய கோலம். கம்பி எந்தப் புள்ளியில் திரும்பும், எங்கே குறுக்கே பாயும் என்று எனக்குத்தான் தெரியும். அவள் ஃபோனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஒரு வளைவு இழுத்தாள், அழித்தாள். மறுபடி இழுத்தாள். தப்பு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, அந்த இடத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நாற்காலியில் என் விரல் தானாக அசைந்தது. அதை வேட்டி மடிப்புக்குள் மறைத்தேன். முட்டியின் வலி ஏறி அவள் முகம் வேர்த்துவிட்டது, தை மாதத்துப் பனியில்.

"இருக்கட்டும் மதினி" என்றாள் என் தங்கை. குரல் உடைந்திருந்தது. "மனசில்லாம ஏன் போடுறீக? எம் மகளுக்குப் போடக் கை வராதுன்னா, மொதல்லயே சொல்லிருக்கலாம்."

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "அவளச் சொல்லாதம்மா. அந்தக் கோலத்தப் போட்டது நான். வாசல்ல தெனமும் போடுறது நான்தான்" என்றேன்.

பந்தலே வெடித்துச் சிரித்தது. என் சித்தப்பா மகன் காபியைச் சிந்திவிட்டான். "அண்ணே, மதினிக்கு ஒண்ணுன்னா நீங்க சேலையவே கட்டிக்குவீகபோல!" என்றான். பெண்கள் பக்கமும் சிரிப்பு. என் தங்கையே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "பாத்தீகளா, பொண்டாட்டிய விட்டுக்குடுக்காத மனுசன். நீங்களும்தான் இருக்கீகளே" என்று யாரோ ஒரு பெண் தன் புருஷனை இடித்தாள். தங்கை வீட்டுக்காரர் விளையாட்டாக எழுந்து போய், தரையிலிருந்த கிண்ணத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். "அப்ப போட்டுக் காட்டுங்க மச்சான், பாப்போம்."

மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது. நல்ல மாவு, கையில் ஓடும். ஈர வாசல், சரியான புள்ளிகள், இடப்பக்கம் திரும்ப வேண்டிய அந்த வளைவு. ஒரு பிடி எடுத்திருந்தால் போதும்.

"போடலாம் மாப்ளே. அப்பறம் ஊர்ல உள்ள பொம்பளையெல்லாம் அவுக அவுக வீட்டுக்கு என்னைக் கூப்புட ஆரம்பிச்சா, ஒங்க அக்கா விடமாட்டா" என்றேன். இன்னொரு சிரிப்பு எழுந்தது. என் தோளில் யாரோ தட்டினார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, அந்தப் புள்ளிகளையே வைத்துத் தனக்குத் தெரிந்த தாமரையைப் போட்டு, கலர் தூவி முடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பரிசம் குறையில்லாமல் நடந்தது. நான் தாம்பாளத்தில் கைவைத்துத் தாய்மாமன் முறையைச் செய்தேன். அன்று முழுக்க என்னை நல்ல புருஷன் என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சிரிப்பு அடங்கும்போது, என் மனைவி இன்னமும் தரையில்தான் இருந்தாள். எழ முடியவில்லை. நான் போய் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். உடம்பு முழுவதும் என் மேல் சாய்ந்து, ஒவ்வொரு காலாக நீட்டி, மெல்ல எழுந்தாள். "பாத்து, பாத்து" என்றார்கள். சிலர் எங்களை ஃபோனில் படம் எடுத்தார்கள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று காதோரம் கேட்டேன்.

சேலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கிண்ணத்த ஒங்ககிட்டதான நீட்டுனாக."