கிரியான் ஆற்றின் எந்தக் கரையில்

எனக்கு முன்பல் இரண்டு இல்லை. கேட்பவர்களிடம் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அது பொய். ஒரு கிழவர் கண்ணாடி மைக்கூட்டால் அடித்து உடைத்தார். அவர் அடித்தது நியாயம்தான்.

முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்துத் துரை ஒருவரும் ஜலசந்திக்கு அப்பால் மேடானிலிருந்து வந்துபோகும் ஒல்லாந்துக்காரர் ஒருவரும் சேர்ந்து ஆராய்ச்சி நடத்தினார்கள். வெள்ளைக்காரன் நிலம் எதுவரை, பேராக்கு சுல்தானின் நிலம் எதுவரை என்று கிரியான் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் ஓயாத தகராறு. பழைய வரைபடங்கள் ஆளுக்கொன்று சொல்லின. அதனால் அங்கே வாழ்ந்த கிழவர்களின் ஞாபகத்தைக் கேட்டு எழுதிவைப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். தோட்டத் தமிழர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவதும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவதும் என் வேலை. துரைமாரோடு ஒரே மேசையில் உட்காருகிறேன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கிழவர் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தார். எழுபது வயதிருக்கும். சிறுவயதில் அண்ணனோடு கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அடி தாங்காமல் இருவரும் ஒருநாள் ஓடியிருக்கிறார்கள். ஆற்றைத் தாண்டினால் பேராக்கு. அப்போது அங்கே வெள்ளைக்காரன் சட்டம் செல்லாது. ஆனால் கங்காணி ஆட்களோடு வந்து ஆற்றிலேயே பிடித்துவிட்டான். தம்பியான இவருடைய கண்ணைக் கட்டிப் படகில் போட்டுவிட்டு அண்ணனை அடித்தார்கள்.

"அந்தக் கங்காணிக்கு ஒரு பழக்கம் தம்பி. அடி வாங்குறவன்தான் எண்ணணும். தப்பா எண்ணுனா மறுபடி ஒன்னுலேருந்து. எங்கண்ணனுக்கு இருவதுக்கு மேல எண்ணத் தெரியாது."

ஆற்றில் விழுந்து செத்தான் என்று தோட்டத்தில் எழுதிவிட்டார்களாம். ஐம்பது வருஷமாக அந்தப் பொய் நிற்கிறது. அடித்துக் கொன்றார்கள் என்று ஏதாவது ஒரு காகிதத்தில் இருந்தால் போதும், அதற்காகத்தான் வந்தேன் என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில் பிரம்படிக்கு நானும் எண்ணி வளர்ந்தவன். ஏழு என்பதை எட்டு என்று சொன்னதற்கு மறுபடி ஒன்றிலிருந்து வாங்கியிருக்கிறேன். என் அப்பா கிரியான் பக்கம் கங்காணியாக இருந்தவர். அன்று காலையில்கூட அவருக்குத் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன்.

தப்பி ஓடும்போது ஆற்றில் விழுந்து இறந்தான் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அவர் சொன்னபடியே சொல்லிவிட்டால் தீர்ந்தது, கிழவருக்கு இங்கிலீஷ் தெரியவா போகிறது என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதியதைத் திருத்தவில்லை.

மேடானிலிருந்து அந்த முறை ஒல்லாந்துக்காரர் தனியாக வரவில்லை. கிராணி வேலை பார்க்கும் தமிழ்க் குமாஸ்தா ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். எழுதியவனே வாசிக்கக்கூடாது, அதுதான் தங்கள் வழக்கம் என்று சொல்லி என் தாளை வாங்கிக் கிராணியிடம் கொடுத்தார். கிராணி நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். ஆற்றில் விழுந்து இறந்தான் என்ற இடம் வந்ததும் கிழவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அடுத்த கணம் மைக்கூடு என் வாயில் விழுந்தது.

மையும் ரத்தமும் சட்டையில் வழிந்தன. எனக்கு வெறி பிடித்துவிட்டது. கிழவரைக் கழுத்தைப் பிடித்துத் தரையில் தள்ளி ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். துரைமார் இருவரும் என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் அசையவில்லை. "எண்ணுடா" என்று கத்திக்கொண்டே குத்தினேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

கிழவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று என்றார், இரண்டு என்றார். மூன்றில் நிறுத்தி, வீங்கிய கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ அவன் மவன்."

நான் எழுந்துவிட்டேன். ஆமாம் என்று அவரிடம் தமிழிலும் துரைமாரிடம் ஆங்கிலத்திலும் சொன்னேன். தரையில் கிடந்தபடியே, "எழுது, ஒன் கையாலயே எழுது" என்றார் கிழவர். எழுதினேன். என் தகப்பனாரின் பெயரையும் எழுதினேன். கிராணி வாசித்துக் காட்டினார்.

துரை அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, அடித்தது எந்தக் கரையில் என்று கேட்டார். கண்ணைக் கட்டியிருந்ததால் கிழவருக்குத் தெரியவில்லை. துரைமார் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தங்கள் ஆராய்ச்சி எல்லையைப் பற்றியது, கரை தெரியாத சாவைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை, தாளை ஒதுக்கி வைக்க வேண்டியதுதான் என்றார் துரை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கிராணி தமிழில் சொன்னதைக் கேட்ட கிழவர் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். போகமாட்டேன் என்ற உட்கார்தல் அது.

அதே வாயோடு வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் அடித்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இல்லை என்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் சோற்றிலிருந்து கையையாவது எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீன் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்.

"அக்கரைதான். இக்கரையில செத்தா மாஜிஸ்திரேட்டு வந்து நிப்பான், தோட்டத்துத் தொரைக்குத் தொல்லை. அதான் படகுல போட்டு அந்தாண்ட கொண்டுபோனோம். எல்லை எங்கன்னு ஒங்க தொரைக்குத் தெரியாம இருக்கலாம், எனக்குத் தெரியாதா?"

அவரை அறைய நினைத்தேன். கை எழவில்லை. கிழவர்மேல் எழுந்த கை பெற்றவர்மேல் எழவில்லை என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வந்து துரைமாரிடம் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டேன். அதற்கென்ன என்றார்.

கைகழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் என்னோடு வந்தார். மாடியில் கிழவர் சுவரோரம் அப்படியே இருந்தார். அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எந்தத் துறையில் படகு ஏறினார்கள், எந்த வளைவில் இறங்கினார்கள், எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதினேன். கிராணி வாசித்தபோது ஒரு சொல்லைக்கூட அப்பா மாற்றச் சொல்லவில்லை. துரை இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்துக் குண்டூசியால் குத்திவிட்டு எழுந்து வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இத்தனை தெளிவான சாட்சி இதுவரை வந்ததில்லை என்றார்.

அதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன், கிழவர் கேட்டுக்கொண்டிருக்க.