என் வீட்டுப் பவர்காரன்

என் கொழுந்தனைத் தெருவில் எல்லோரும் ‘பவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவனோ அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான். சைக்கிள் கடை வைத்தான், மூடினான். சிமெண்ட் ஏஜென்சி எடுத்தான், மூட்டைகள் மழையில் நனைந்து கல்லாகிப் போயின. கடைசியில் அவனிடம் உருப்படியாக மிஞ்சியது என் கணவர் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம்தான்.

அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்கு வெளிநாடு கிளம்பியபோது, வீட்டை வாடகைக்கு விடவும், தேவைப்பட்டால் விற்கவும், தன் சார்பில் கையெழுத்துப் போடத் தம்பிக்கு அதிகாரம் கொடுத்தார் அவர்.

“எனக்குக் கொடுத்தா என்ன?” என்று கேட்டேன்.

“உனக்கு ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலையவே நேரம் போதல. அவன் சும்மாதானே இருக்கான்.”

சும்மா இருந்தவனுக்கு விளையாட என் வீடுதான் கிடைத்தது. வயிறெரிந்துகொண்டே அடித்துக் கொடுத்தேன்.

பவர் வாங்கியவன் சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான். சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடுகிறவன், அவ்வளவுதான். அவர் வேண்டாமென்று ரத்து செய்தால் போய்விடும். அவர் இறந்தால் அந்த நிமிடமே செல்லாது. அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. வீட்டில் யார் கேட்டார்கள்? அவன் அதன் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரிடம்கூட உருவிக் காட்டினான். முன்னறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். ஒரு நாள் மாடியில் நான் கட்டியிருந்த துணிக்கொடியை அறுத்தெறிந்தான்.

“என்னைக் கேக்காம இங்க எதுவும் கட்டாதீங்க அண்ணி.”

“இது உங்க அண்ணன் வீடு தம்பி.”

“அண்ணனுக்குப் பதிலாத்தான் நான் இருக்கேனே.”

முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது.

போன மாதம் அவன் என் அலுவலகத்துக்கே வந்தான். படிக்கட்டுக்கு அழைத்துப்போய்ச் சொன்னான். என் கணவர் வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். தகவல் அவன் போனுக்குத்தான் வந்திருந்தது.

“வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க. உடம்பு வந்து சேர்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க. கம்பெனியில ஏதாவது சிக்கல் பண்ணிடுவாங்க.”

நம்பினேன். புத்தி மரத்துப் போயிருந்தது. மகளிடம்கூடச் சொல்லாமல் சமைத்துப் போட்டேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் அவன் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவர் கையில் அளவு நாடா. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சமையலறைச் சுவரை அளந்தார்கள்.

“நாளைக்கே உங்க பேருக்குக் கிரயப் பதிவு வச்சுக்கலாம்” என்றான் கொழுந்தன் அவரிடம்.

மருந்துக்கடைக்காரர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். “சார் நல்லா இருக்காராம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “நல்லா இருக்கார். காலையிலகூடப் பேசினேன். சீக்கிரம் முடிக்கச் சொன்னார்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிவு முடியும்வரை என் கணவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாவி என் அழுகைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான்.

தெருக்கதவை விரியத் திறந்தேன். வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினேன். “என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே.” எதிர்வீட்டார் ஓடிவந்தார்கள், தையல் கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

“அண்ணி, உள்ள வாங்க. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். உங்க அண்ணன் நேத்தே செத்துட்டார்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.”

மருந்துக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

சத்தம் கேட்டு மகள் பள்ளிச் சீருடையில், பாதி பின்னிய தலையோடு ஓடிவந்தாள். “யாரும்மா செத்துட்டாங்க?” என்று கேட்டாள்.

வீடு தப்பித்தது. ஆனால் அப்பா இல்லை என்பதை அவள் தெருவில் நின்று, கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிந்துகொண்டாள். அதற்காக அவனை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.