புது நேரத்து முகூர்த்தம்

என் கலியாண நாளை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடும். மணப்பெண்ணின் நாணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இது சுத்தமான வெட்கக்கேடு.

ஐயா, அதாவது என் தகப்பனார், கண்டிப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு உரும்பிராய்க்குத் திரும்பியவர். வரும்போது ஒரு சுவர் மணிக்கூட்டையும் ஒரு கொள்கையையும் கொண்டுவந்தார். கொள்கை, அயல் விகாரையில் இருந்த வயதான பிக்கு ஒருவரோடு பின்னேரங்களில் கதைத்துக் கதைத்து ஊறியது. எல்லாப் பொருளும் கணத்துக்குக் கணம் தோன்றி அழிகிறது. சற்றுமுன் இருந்த நீ இப்போது இல்லை. வரப்போகிற நீ இன்னும் பிறக்கவில்லை. இருப்பது இந்தக் கணம் மட்டும்தான். கேட்டவர்கள் கேளாதவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வார்.

"கந்தோரிலை மணிக்கூட்டைப் பாத்தே சீவியம் போச்சு. காலமையிலை பின்னேரம் எப்ப வரும் எண்டிருந்தன். திங்களிலை சனி எப்ப வரும் எண்டிருந்தன். பிறகு பென்சன் எப்ப வரும் எண்டிருந்தன். எல்லாம் வந்துது. அதுகள் வரேக்கை நான்தான் அங்கை இல்லை."

இன்று இதை நினைத்தால் நெஞ்சில் தைக்கிறது. அன்று நான் பள்ளிக்கூட மணிக்கு ஓடி ஓடிப் படிப்பிக்கிற வாத்தியார் அம்மா. எனக்கு எங்கே இதற்கெல்லாம் நேரம்? சைவ ஊரில் அவருக்குப் 'புத்தர்' என்று பட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் புத்தரின் மகள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்கு முதுகில் தெரியும்.

அப்போது இரண்டாம் உலகப் போர்க்காலம். அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிடச் சொல்லியிருந்தது. கந்தோரும் ரயிலும் பள்ளிக்கூடமும் புது நேரத்துக்கு மாறின. கோயிலும் தோட்டமும் பழைய நேரத்திலேயே நின்றன. ஐயா தன் மணிக்கூட்டில் கை வைக்கவில்லை. "வெயிலுக்கு ஆர் உத்தரவு போட்டது?" என்று கேட்டார்.

கலியாணம் ஒரு வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தின்படி காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு இராகு காலம் தொடங்கிப் பன்னிரண்டு வரை இருக்கும். பஞ்சாங்கத்தின் ஒன்பது பழைய நேரத்து ஒன்பது. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் புது நேரத்துக்குக் கோப்பாயிலிருந்து வந்து இறங்கியபோது எங்கள் பந்தலில் வாழை கட்டி முடியவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். சட்டைப்பையில் சங்கிலி போட்ட மணிக்கூடு. உட்கார வைத்த இடத்திலிருந்து அதைத் திறந்து திறந்து பார்த்தபடி இருந்தார்.

நான் கூறைச்சேலையோடு மணவறையில் வந்து இருந்தேன். ஐயர் தாலித் தட்டை எடுத்தார். பெரியப்பா எழும்பிவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ ஐயர். பத்தரை ஆச்சு. இராகு காலம் துவங்கீட்டுது."

"ஒன்பதரைதான், சம்பந்தி. பஞ்சாங்கம் பழைய நேரம்" என்று ஐயா சுவரைக் காட்டினார்.

அதோடு விட்டிருந்தால் சபை எங்கள் பக்கம் நின்றிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும். ஐயா தொடர்ந்தார். "பழசென்ன, புதுசென்ன? போன கணம் செத்துப்போச்சு, வாற கணம் பிறக்கேல்லை. இந்தக் கணத்திலை நல்லது கெட்டது எண்டு ஆர் எழுதி வைச்சது?"

"புத்தர் துவங்கீட்டார்" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு. மேளகாரர்கூடச் சிரித்தார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "இது கலியாண வீடோ, பிக்குமாற்றை பன்சலையோ? இராகு காலத்திலை தாலி கட்டச் சொல்லுற குடும்பத்திலை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம். எழும்புங்கோ எல்லாரும்!"

அவர்கள் பக்கத்து ஆண்கள் சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்கள். மணவறைவரை வந்து தாலி ஏறாமல் திரும்பிய பெண்ணை அந்த நாளில் பிறகு யார் கேட்டு வருவார்கள்? பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. இந்த மனிதர் ஊமையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து ஐயா என் முகத்தைப் பார்த்தார்.

தோளில் கிடந்த சால்வையை எடுத்து அரையில் கட்டினார். யாருக்கு முன்னால் சால்வையை இறக்குவது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. தன்னை ஒத்த மனிதனுக்கு முன்னால் ஒருவரும் இறக்குவதில்லை.

"என்ரை மணிக்கூடு பிழை, சம்பந்தி. என்ரை கதையும் பிழை. பிள்ளையைப் பாத்து மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பெரியப்பா திரும்ப உட்கார்ந்தார். அவருடைய மணிக்கூட்டில் பன்னிரண்டு தாண்டட்டும், இராகு போய்விடும் என்று முடிவாயிற்று. அவ்வளவு நேரமும் நான் குனிந்த தலையோடு மணவறையில் காத்திருந்தேன். அவருடைய பன்னிரண்டு தாண்டியபோது எங்கள் சுவரில் பதினொன்று தாண்டியிருந்தது. அதாவது, வெயில் கணக்கில், இராகு காலத்தின் நட்டநடுவில் எனக்குத் தாலி ஏறியது. ஐயருக்கு அது தெரியும், ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் கணக்குத் தெரியும். கெட்டிமேளம் கொட்டியது. ஐயா அறுகரிசி போட்டு வாழ்த்த வந்தபோதும் சால்வை அரையில்தான் இருந்தது.

இராகு எங்களை ஒன்றும் செய்யவில்லை, நன்றாகவே வாழ்ந்தோம். போன கணம் செத்துப்போகும் என்று ஐயா சொன்னாரே, அது மட்டும் பலிக்கவில்லை. அந்தச் சால்வை இறங்கிய கணம் எனக்கு இன்னும் சாகவில்லை.

கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த பின்னேரம் என் கணவர் சொன்னார்: "உம்மடை ஐயா கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பெரியப்பா எழும்பினாலும் நான் எழும்பியிருக்கமாட்டன். தாலியைத் தாங்கோ எண்டு ஐயரிட்டைக் கேக்கத்தான் இருந்தனான்."

"பின்னை ஏன் கேக்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது. சனமெல்லாம் பாத்துக்கொண்டெல்லோ இருந்தது."

அவருக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். அந்தப் பந்தலில் வெட்கப்பட ஒரு காரணமும் இல்லாதவர் ஐயா ஒருவர்தான்.

அதற்குப் பிறகு, எங்களோடு அதே வீட்டில் இருந்தும், ஐயா கணத்தைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. தன் மணிக்கூட்டுக்கு நேரே சாய்மனைக் கதிரையில் இருப்பார். யாராவது வந்து மணி என்ன என்று கேட்டால், நிமிர்ந்து பார்க்காமலே, "மருமோனைக் கேளுங்கோ" என்பார்.