எந்தப் படகில் திரும்புகிறீர்கள்?

என் அலுமாரியில், காணி உறுதிக்கும் கலியாணப் பதிவுக்கும் நடுவில், ஒரு பழுப்புக் கடித உறை கிடக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. வெளியே நீல மையில் ஒரு கேள்வி மட்டும்: ‘எந்தப் படகில் திரும்புகிறீர்கள்?’ மனைவி அதை இரண்டு தரம் குப்பையில் போட்டாள். இரண்டு தரமும் பொறுக்கி வந்தேன். என் வங்கி வாழ்க்கையில் நடந்த உருப்படியான காரியத்துக்கு அதுதான் சாட்சி. அந்தக் காரியத்தைச் செய்தது நானல்ல என்பது வேறு விஷயம்.

ஊர்காவற்றுறைக் கிளையில் நான் உதவி முகாமையாளர். கணக்குத் திறக்க வருபவரை எப்படி அடையாளம் காண்பது, எந்தப் பத்திரம் இல்லாவிட்டால் எதை ஏற்கலாம் என்பதெல்லாம் சுற்றறிக்கையாக வரும். நான் கையெழுத்து வைத்துக் கோப்பில் குத்துவேன். வாசிப்பதற்கென்று எங்கோ ஒருவர் இருப்பார் என்பது என் நம்பிக்கை. அந்த ஒருவர் ஒருநாள் உண்மையாகவே வந்து சேர்ந்தார். விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் உத்தியோகத்தர். என்னிலும் இரண்டு வயது இளையவர். எங்களுக்கு அவர் ‘மிஸ்’.

அவர் வந்த மாதத்தில்தான் அனலைதீவிலிருந்து படகேறி ஒரு அம்மா வந்தார். வீட்டுத்திட்டத்தில் பெயர் விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கணக்கிலக்கம் கொடுக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்தவரை, வதிவிடத்தை உறுதிப்படுத்த ஊர் விதானையாரின் கடிதம் வேண்டுமென்று நான் திருப்பி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கடிதத்தோடு வந்தார். அன்று எனக்கு லீவு. அடையாள அட்டையில் தகப்பன் பெயர், கடிதத்தில் புருஷன் பெயர் என்பதால் பக்கத்து மேசைக்காரர் கலியாணப் பதிவு கேட்டார். அது இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தவரிடம், அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் பதிவின் பிரதி எடுக்கச் சொன்னேன், மிகவும் மரியாதையாக.

“தம்பி, உங்கட வங்கிக்கு வந்து போறதுக்கே எனக்கு இஞ்ச ஒரு வீடு வேணும் போல கிடக்கு” என்றார் அந்த அம்மா.

மிஸ் தன் கதிரையிலிருந்து எழுந்து வந்தார். “அண்ணை, இதைப் பற்றின சுற்றறிக்கையை வாசிச்சனீங்களோ?”

“கையெழுத்து வைச்சனான் மிஸ்.”

“அது தெரியுது. வாசிச்சனீங்களோ?”

பதிவு தொலைந்திருந்தால் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி போதும் என்று என் கையெழுத்துக்கு நாலு விரல் மேலே அச்சாகியிருந்தது. சமாதான நீதவான் இருந்தது வங்கிக்கு எதிர்வீட்டில். மிஸ் அந்த அம்மாவை அங்கே அழைத்துப் போனார். படகை மறிக்க என்னை அனுப்பினார். கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் பறக்கத் துறைமுகத்துக்கு ஓடி, “வங்கி வேலை, கொஞ்சம் நில்லுங்கோ!” என்று கத்தினேன்.

“உங்கட வேலையெண்டால் படகு நாளைக்குத்தான் வெளிக்கிடும்” என்றார் படகுக்காரர். ஆனாலும் நின்றார். அந்த அம்மா புதுக் கணக்குப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்து ஏறினார்.

மறுநாள் மிஸ் பழைய கலண்டர் தாள்களைத் திருப்பிச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். “ஒவ்வொருத்தற்ற மண்டைக்குள்ளயும் ஒரு துண்டு கிடக்கு. எல்லாத்தையும் ஒரு படமாய் வைச்சுப் பாப்பம்” என்றார். ஒரு கேள்விக்கு ஓர் உறை ஒட்டினார். ஏன் கேட்கிறோம், எந்தச் சுற்றறிக்கை, பத்திரம் இல்லாவிட்டால் என்ன வழி என்று உள்ளே ஒரு துண்டு. ‘ஓம்’ என்றால் ஓர் உறைக்கும் ‘இல்லை’ என்றால் வேறோர் உறைக்கும் நூல் ஓடும். எல்லாவற்றுக்கும் முதல் உறைதான், துண்டில்லாத ஒரே உறைதான், படகு: அது வெளிக்கிடுவதற்குள் மற்றதெல்லாம் ஒரே தரத்தில் கேட்டு முடிய வேண்டும்.

“இது எந்தச் சுற்றறிக்கையில கிடக்கு மிஸ்?” என்று நக்கலடித்தேன்.

“ஒண்டிலயுமில்லை. அதாலதான் எழுதிறன்.”

படம் சரியா என்று பார்க்க என்னையே வாடிக்கையாளராக இருத்தினார். வதிவிடம் என்றதும், “புளியங்கூடல்” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

“அங்க கடைசியாய் எப்ப படுத்தனீங்கள்?”

யோசித்தேன். கலியாணத்துக்கு முதல் நாள். சீதன வீட்டுக்கு, சரவணைக்குப் போய்ப் பதினெட்டு வருடமாகியும் வாய் தகப்பன் ஊரைத்தான் சொல்கிறது. கிளையிலிருந்த கலியாணம் கட்டிய ஆம்பிளைகள் நாலு பேரும் அதே உறையில் தடக்கி விழுந்தோம். மிஸ் சிரிக்காமல் ஒரு புதுத் துண்டு எழுதி உள்ளே வைத்தார்: ‘ஆண் என்றால், மனைவியின் வீடு எங்கே என்றும் கேட்கவும்.’ நான் விதிமுறைக்குச் செய்த ஒரே பங்களிப்பு, அதை மீறியதுதான்.

பிறகு தலைமையகம் அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி எல்லாக் கிளைகளுக்கும் கொடுத்தது. மிஸ் மாற்றலாகிப் போகும்போது நான் முதல் உறையைக் கழற்றி வைத்துக்கொண்டேன். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வழக்கம்போல ஏதோ பகிடிதான் விட்டேன்.

இப்போது நான் ஓய்வுபெற்றவன். போன மாதம் விபரங்களைப் புதுப்பிக்கப் போனபோது, காட்டிப் பெருமையடிக்கலாமென்று உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் வவுனியாப் பிள்ளை ஒன்று. என்னை யாரென்று தெரியாது.

“ஐயா, எந்தப் படகில திரும்பிறீங்கள்?”

“சரவணைக்குப் படகில்லைப் பிள்ளை. மோட்டார் சைக்கிளில வந்தனான்.”

“கேக்கச் சொல்லிக் கிடக்கு, ஐயா. மனுசியின்ர வீட்டிலயோ இருக்கிறீங்கள்?”

“ஓம், பிள்ளை” என்றேன், குரலைத் தாழ்த்தி.

எனக்குப் பின்னால் ஒரு எழுவைதீவு அம்மா நின்றார். அந்தப் பிள்ளை எட்டி அவரிடமும் படகைக் கேட்டது. அடுத்த படகு என்று அவர் சொன்னதும் என்னைப் பார்த்தது. நான் விலகினேன். அவரிடம் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்தது. உறையை நான் வெளியே எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்த அம்மா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் போனார். ஓடவில்லை. நடந்துதான் போனார், வழியில் நின்று வெற்றிலைகூட வாங்கினார்.